நடுமோரிக்கு வார்டு எண் இல்லை

வார்டு எல்லை போடும் பிரிவுக்கு ஐந்து பேர் புதிதாக வந்திருக்கிறீர்களாம். உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு என்னிடம் இல்லை. இந்த வேலையில் கோடு சரியாக இருந்தால், கோடு இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. தப்பாக இருந்தால்தான் ஆள் தேடி வருவார்கள். என் சர்வீஸ் முழுவதிலும் ஒருத்தர்கூட மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "சார், கோடு பிரமாதம்" என்று சொன்னதில்லை. நீங்களும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது என் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மசியில் இருக்கிறது. ரிக்கார்டு ரூமில் உங்களில் யாராவது தூசி தட்டி எடுத்துப் படித்து, "இவரா பேச வந்தார்" என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெங்களூர் இரண்டு ஊராக இருந்து அப்போதுதான் ஒன்றாகியிருந்தது. மேற்கே பேட்டை, அது மகாராஜாவின் கீழ் இருந்தது. கிழக்கே ராணுவம் குடியிருந்த பகுதி, நாங்கள் தண்டு என்போம், அது வெள்ளைக்காரன் கையில் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி, தனித்தனி வரி, தனித்தனித் தண்ணீர், தனித்தனி அலட்டல். சுதந்திரம் வந்த பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே நகரமாக்கி, புதிய வார்டுகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பிரிவில் நான் களக் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆஸ்டின் டவுனுக்குத் தெற்கே ஒரு பெரிய மழைநீர் வாய்க்கால் போகும். மோரி என்றால்தான் அங்கே உள்ளவர்களுக்குப் புரியும். பேட்டைக்கும் தண்டுக்கும் அந்தப் பக்கத்தில் அதுதான் பழைய எல்லை. புதிய வார்டு இரண்டுக்கும் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று இதற்காகப் போட்ட கமிட்டி முடிவு செய்துவிட்டது. என் வேலை, பேட்டையின் பழைய எல்லைப் பத்திரத்தையும் தண்டின் பழைய எல்லைப் பத்திரத்தையும் வைத்து ஒப்பிட்டு, பிறகு மோரி ஓரமாக நேரில் நடந்து பார்த்து, கையெழுத்துப் போடுவது.

ஒப்பிட்டேன். பேட்டைப் பத்திரம், "மோரியின் நடுக்கோடு வழியாகத் தெற்கே" என்றது. தண்டுப் பத்திரமும் "மோரியின் நடுக்கோடு வழியாகத் தெற்கே" என்றது. ஐம்பது வருஷமாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆபீஸ்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதற்கு மேல் நடந்து என்னத்தைப் பார்க்கப் போகிறோம் என்று தோன்றியது. அன்றைக்குச் சனிக்கிழமை, ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச் வேறு. நான் லெஃப்ட் பேக். "நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். மேட்சிலும் தோற்றோம்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆனபோது, அந்த மோரி ஓரமாக உண்மையிலேயே நடந்திருக்கிறேன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. யாராவது கேட்டிருந்தால் வழியில் எருமை நின்றது என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

வரைவை வெளியிட்டு, ஆட்சேபனை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தோம். ஆட்சேபனைக்கு ஒரு ஃபாரம் உண்டு. அதில் முதல் கட்டம், மனுதாரர் வசிக்கும் வார்டு எண். கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்றும் பொறுப்பும் என்னுடையதுதான்.

கடைசி வாரத்தில் கண்ணம்மா என்று ஒரு அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தண்டில் தெருக் கூட்டும் வேலை. சீருடைப் புடவையோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்தார். யாரிடமோ எழுதி வாங்கிய ஃபாரத்தை நீட்டினார். முதல் கட்டம் காலி.

"வார்டு நம்பர் எழுதலியேம்மா" என்றேன்.

"அது இல்லன்னுதான் சார் மனு."

"நம்பர் இல்லாம மனு வாங்க முடியாது."

"நம்பர் இருந்தா நான் எதுக்கு சார் மனு குடுக்கறேன்?"

இதில் நியாயம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நியாயத்துக்கு ஃபாரத்தில் கட்டம் கிடையாது. வீடு எங்கே என்று கேட்டேன். நடுமோரி என்றார். மோரிக்கு மேற்கே என்றால் பேட்டைப் பக்கத்து வார்டு, கிழக்கே என்றால் தண்டுப் பக்கத்து வார்டு, அந்தந்த வார்டு ஆபீஸில் போய் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று பொறுமையாக விளக்கினேன். என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன். அந்த அம்மாள் நின்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஃபாரத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மறுபடி வந்தது அச்சுக்குப் போகும் நாளன்று. ஆட்சேபனைக் கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, மாலை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லைப் பட்டியல் சர்க்கார் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காலை பத்தரைக்குக் கண்ணம்மா என் மேஜை முன்னால் நின்றார். கூட அவர் மகள், பதினெட்டு வயசுப் பெண். பெண்ணின் வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு.

ஃபாரத்தின் பின்பக்கத்தில் இப்போது இரண்டு குறிப்புகள் இருந்தன. பேட்டைப் பக்கத்து ஆபீஸ், "எங்கள் எல்லையில் இல்லை, கிழக்கே விசாரிக்கவும்" என்று எழுதியிருந்தது. தண்டுப் பக்கத்து ஆபீஸ், "எங்கள் எல்லையில் இல்லை, மேற்கே விசாரிக்கவும்" என்று எழுதியிருந்தது. இரண்டிலும் முத்திரை சுத்தமாக விழுந்திருந்தது.

"கெடு முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

"முடிஞ்சா முடியட்டும் சார். எங்க லைனுக்குக் கொழாய் வேணும். புது நகராட்சில வார்டுக்கு இத்தினி கொழாய்னு லிஸ்ட் போடறாங்களாமே. நாங்க எந்த லிஸ்ட்லயும் இல்ல. இந்தாண்ட கொழாய்க்குப் போனா அந்தாண்ட போங்கறான். அந்தாண்ட போனா கொடத்தக் காலால தள்ளி உடறான். போன வாரம் இவ கொடத்தோட கல்லுமேல வழுக்கி மோரில வுழுந்தா. கை போச்சு. இவ மில்லுல நூல் சுத்தற பொண்ணு சார். கை இல்லாம என்ன பண்ணுவா?"

குடத்தை ஏன் தள்ளிவிடுகிறார்கள் என்பதற்கு வார்டு எண் மட்டும் காரணம் இல்லை. தெருக் கூட்டுகிறவர்கள் தொட்ட குழாயைத் தொடமாட்டோம் என்கிற காரணமும் இருந்தது. அதை யாரும் எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. வார்டு எண் இல்லை என்பது சொல்வதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நான் செய்ததும் அதே வேலைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஃபாரத்தைத் திருப்பி நீட்டினேன்.

என் மேலதிகாரி அடுத்த மேஜையில் இருந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடக்காரர். தண்டு மார்க்கெட்டில் கற்ற தமிழ் பேசுவார். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சிரிக்கும் வழக்கமும் இல்லை. மேஜைக்கு அடியில் ஒரு ஜோடி பழைய கான்வாஸ் ஷூ எப்போதும் இருக்கும். அவர் கையை நீட்டி அந்த ஃபாரத்தை வாங்கினார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், மறுபடி முன்பக்கம் படித்தார்.

"மோரிக்கு எந்தப் பக்கம்மா உன் மனெ?"

"நடுவுல சார்."

"நடுவுல மோரி இருக்கு."

"மோரி ரெண்டு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஹௌதா" என்று, அப்படியா என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டுக் குனிந்து கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டார்.

குதிரை வண்டியில் ஆஸ்டின் டவுன் வரை போய், அங்கிருந்து நடந்தோம். கண்ணம்மா முன்னால், மேலதிகாரி பின்னால், மகள் அதற்குப் பின்னால், கடைசியில் நான். வடக்கே இருந்து வரும் மோரி ஒரு பெரிய பாறையில் முட்டி இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை மேற்கே வளைந்தது, ஒரு கிளை கிழக்கே வளைந்தது. கீழே ரொம்ப தூரம் போய் இரண்டும் மறுபடி சேர்ந்தன. நடுவில் ஒரு திட்டு. திட்டில் ஒரு சந்து, இரண்டு வரிசை வீடுகள், ஒரு வேப்பமரம், ஒரு அம்மன் கல், சுவர் ஓரம் காலி மண் குடங்கள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வீடு.

நடந்தது என்னவென்று பாறை மேல் நின்று பார்த்தபோது ஒரு நிமிஷத்தில் புரிந்துபோனது. எல்லை நடக்கிறவன் எப்போதும் தன் எல்லைக்குள்ளேதான் நடப்பான், அடுத்தவன் மண்ணில் கால் வைக்கமாட்டான். அது அந்தக் காலத்துக் கௌரவம். பேட்டை ஆள் மேற்குக் கரையில் நடந்தான், அவனுக்கு மேற்குக் கிளைதான் மோரி. தண்டு ஆள் கிழக்குக் கரையில் நடந்தான், அவனுக்குக் கிழக்குக் கிளைதான் மோரி. இரண்டு பேருமே நடுக்கோடு என்று நேர்மையாக எழுதினார்கள். இரண்டு பேரில் ஒருவன் குறுக்கே தாண்டிப் பார்த்திருந்தால் இந்த வீடுகள் இருப்பது தெரிந்திருக்கும். ஐம்பது வருஷமாக ஒருவரும் தாண்டவில்லை. மூன்றாவதாகத் தாண்டியிருக்க வேண்டியவன் ஃபுட்பால் ஆடப் போய்விட்டான்.

கிழக்குக் கிளைமேல் போட்டிருந்த கல் பாலம் ஒரு முழ அகலம். பாசி படிந்திருந்தது. கட்டுக் கையோடு அந்தப் பெண் சர்வசாதாரணமாகத் தாண்டினாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தாண்டியும் ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது.

மேலதிகாரி என் காலைப் பார்த்தார். "ஏனப்பா, நடந்த இடத்துல புதுசா நடக்கற மாதிரி நடக்கறியே" என்றார்.

நான் குனிந்து காலிலிருந்த சேற்றை வழித்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் கண்ணம்மா திரும்பி ஒரு தரம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

வேப்பமரத்தடியில் சந்தே கூடிவிட்டது. எந்த வார்டில் சேரப் பிரியம் என்று மேலதிகாரி கேட்டார். உடனே சண்டை. ஒரு கிழவர், கோயில் மேற்கே இருப்பதால் மேற்குதான் என்றார். ஒருவர், ரேஷன் கடை கிழக்கே இருக்கிறது என்றார். இன்னொருவர் தன் மாமனார் மேற்கே இருப்பதால் கிழக்கே போதும் என்றார். கண்ணம்மா எல்லோரையும் கையமர்த்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், பெரிய தண்ணிக் கொழாய் மண்ணுக்கடியில எந்தப் பக்கம் கிட்டக்க வருது?"

மேலதிகாரி பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். "கிழக்கே."

"அப்ப கிழக்கே எழுதுங்க."

கமிட்டி எட்டு மாதம் கூடிப் பேசியும் இவ்வளவு ஒழுங்கான காரணத்துக்காக ஒரு கோட்டையும் போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆபீசுக்குத் திரும்பும்போது மணி மூன்று. மேலதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். விதி இதுதான். கமிட்டி ஒப்புக்கொண்ட எல்லையை மாற்ற வேண்டுமானால் கமிட்டி மறுபடி கூட வேண்டும். ஆனால் களக் குமாஸ்தாவின் பிழையால் விவரம் தவறியிருந்தால், அந்தக் குமாஸ்தா தன் பிழையைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தால், அச்சுக்கு முன் அதிகாரியே திருத்திவிடலாம்.

"கமிட்டி கூட எத்தனை நாளாகும் சார்?"

"ஒரு வருஷம். கூடுவாங்களோ இல்லையோ. தேர்தல் ஆகி, கொழாய் லிஸ்ட் எல்லாம் முடிஞ்சுபோகும்."

"நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "போட்டிருக்கேன். உன்னை நம்பிப் போட்டேன், அது என் தப்பு. அதிகாரி தப்புன்னு எழுதினா அது கமிட்டிக்குப் போகணும். குமாஸ்தா தப்புன்னா இங்கயே தீரும். விதி அப்படி." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் காபி குடிச்சிட்டு வரேன்" என்றார்.

காபி ஆபீசுக்குள்ளேயே கிடைக்கும். அவர் வெளியே போனார்.

எனக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள். நடக்காமல் நடந்ததாகக் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலை நிரந்தரமாகாது, போனாலும் போய்விடும். அப்பா இல்லை. இரண்டு தங்கைகள். எங்கள் தெருவிலேயே ஆபீசில் பேனா பிடித்தவன் நான் ஒருவன்தான். எழுதாவிட்டாலோ ஒன்றும் ஆகாது. கெடு முடிந்துவிட்டது, விதிப்படி மனு செல்லாது, எல்லாக் காகிதமும் என் பக்கம். நடுமோரி இன்னும் ஐம்பது வருஷம் நடுவிலேயே கிடக்கும். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. வீரமாக எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணம்மாவும் மகளும் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் இடது கையால் ஒரு நூலைச் சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். சுற்றும்போதெல்லாம் நூல் நழுவியது. எத்தனை தரம் நழுவியது என்று தெரியாது. நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

"மேற்படி எல்லையில் நான் நடக்கவில்லை. நடந்ததாகக் கையெழுத்திட்டது பொய்." இரண்டு வரிதான். நாலு தாள் வீணாயிற்று.

மேலதிகாரி நாலு மணிக்கு வந்தார். கையில் ஒரு டம்ளர் காபி இருந்தது. அதை என் மேஜையில் வைத்தார், ஆறிப்போயிருந்தது. என் தாளைப் படித்தார். பட்டியலில், கிழக்கு வார்டின் எல்லையைக் கிழக்குக் கிளையிலிருந்து மேற்குக் கிளைக்குத் தன் கையாலேயே மாற்றி எழுதினார். மணி நாலரை. அச்சகத்துக்குக் கொண்டுபோகும் பியூன் அன்றைக்கு லீவு. வாசலில் நின்ற என் சைக்கிளின் பூட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய கெஜட்டட் அதிகாரி, கோட்டும் கான்வாஸ் ஷூவுமாக அதில் ஏறி மிதித்துக்கொண்டு போனார். செயின் அடிக்கடி கழன்றுவிடும் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாராம். மறுநாள் கோட்டில் கிரீஸ் இருந்தது.

வேலை போகவில்லை. சிவப்பு மசியில் குறிப்பு எழுதினார்கள். நிரந்தரமாவது இரண்டு வருஷம் தள்ளிப்போனது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை எனக்கு சீனியராகவே இருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டா என்றால் உண்டு. இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

நடுமோரிக்குக் குழாய் வர ஒன்றரை வருஷம் ஆனது. யாரும் என்னை அழைக்கவில்லை, அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சனிக்கிழமை, மேட்ச் இருந்தும், ஆபீசிலிருந்து புறப்பட்டு, மோரி ஓரமாக நடந்தே பாறை வரை போய் மோரியைத் தாண்டினேன். கல் பாலத்துக்குப் பக்கத்தில் சிமென்ட் பாலம் ஒன்று வந்திருந்தது. நல்ல வெயில் காலம். நடுமோரி தாழ்ந்த இடம், பெரிய குழாய்க்கும் கிட்டே. அதனால் இரண்டு பக்கத்து வார்டுகளிலும் தண்ணீர் நின்றுபோயும் இங்கே மட்டும் வந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். எந்தக் குழாயை யார் தொடலாம் என்று அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. தாகம் அப்படி.

குழாயடியில் கண்ணம்மா. பக்கத்தில் மகள், இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. மில்லில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டேன், சேர்த்துக்கொண்டார்கள் என்றாள். நூல் சுற்றும் வேலை இல்லை, பெருக்கும் வேலையாம்.

"கொஞ்சம் தண்ணி குடிக்கலாமாம்மா?" என்றேன்.

கண்ணம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எந்த வார்டு சார் நீங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வார்டு எண்ணைச் சொன்னேன். அது பக்கத்து வார்டுகூட இல்லை.

"நம்ப வார்டு இல்லியே" என்றார் கண்ணம்மா. அப்புறம் என் கால்களைப் பார்த்தார். செருப்பு, கணுக்கால், வேட்டி ஓரம் எல்லாம் மண். சொம்பை எடுத்து நிறையப் பிடித்து நீட்டினார்.

"போவுது. இந்தத் தடவ நடந்து வந்திருக்கீங்க. குடிங்க."